துத்தநாகம் லேடீஸ் சார்!

"கொஞ்சம் எந்திரிங்க... இது லேடீஸ் சீட்டு."

செலின் சொன்னது அந்த ஆளின் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்துகொண்டு, அப்படியொரு தூக்கம்! வெளியே ஐப்பசி மழை சோவென்று கொட்டுகிறது. சாரல் முகத்தில் அடிக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் இது என்ன ஜென்மமோ...

பாவம், அவளாலும் நிற்க முடியவில்லை. ஆவடியில் ஏறும்போதே பஸ்ஸில் உட்கார இடமில்லை. தோளில் பை, கக்கத்தில் ஈரக்குடை, கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். பாட்டிலில் ஹார்லிக்ஸ் இல்லை. காப்பர் சல்பேட் கரைசல்! பள்ளிக்கூட லேபில் தீர்ந்துபோய்விட்டது என்று நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்கி, வீட்டிலேயே கரைத்து எடுத்து வருகிறாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு அதைக் காட்டியாக வேண்டும். டிரைவரோ ஒவ்வொரு பள்ளத்தையும் விசாரித்துவிட்டுத்தான் போவேன் என்கிறார்.

"ஹலோ! உங்களைத்தான்!"

கண்ணைத் திறந்தான். பெரிய கண்கள்... தூக்கக் கலக்கத்திலும் சிரிக்கிற கண்கள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இன்னாமா?"

"லேடீஸ் சீட்டு."

"அந்தாண்ட சைடுல கூரை ஒழுவுதுமா. அதான் இப்டி வந்து குந்தினேன்."

"ஒழுகினா கண்டக்டர்கிட்ட சொல்லுங்க. ஜன்னலுக்கு மேல என்ன எழுதியிருக்கு? படிக்கத் தெரியும்தானே?"

அவன் நிதானமாக மேலே பார்த்தான். 'பெண்கள்' என்று எழுதியிருந்தது. "பி.எஸ்சி., பி.எட். வரைக்கும் படிச்சிக்கீறேன். இத்த படிக்க அது போதும்னு நெனைக்கிறேன்," என்று எழுந்தான். "குந்துங்க... குந்துங்க."

பக்கத்துக் கீரைக்கார அம்மா களுக்கென்று சிரித்தாள். செலின் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்காரப் போனாள். அந்த நேரம் பார்த்துத்தானா பருத்திப்பட்டில் ஓர் எருமை ரோட்டைக் கடக்க வேண்டும்? டிரைவர் போட்டார் ஒரு பிரேக்... மூடி எங்கே போனதோ, பாட்டிலில் பாதி அவன் வெள்ளைச் சட்டையில் போனது.

"ஐயோ... இன்னா தண்ணிமா இது? இங்க்கா?"

"இங்க் இல்ல... காப்பர் சல்பேட்..."

அவன் சட்டையைக் குனிந்து பார்த்தான். நெஞ்சிலிருந்து இடுப்பு வரை நீலம். "அட, மயில்துத்தம்! எங்க ஊர்ல தென்னமரத்துக்குப் பூசுவாங்கோ. மனுசனுக்குப் பூசி இப்பதான் பார்க்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போனதும் பச்சைத் தண்ணியில அலசுங்க. போயிடும்."

"ஊட்டுக்கா? வேலைக்கு இன்டர்வியூ போய்க்கினு கீறேன்மா நானு!"

மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் இந்த வாய் இருக்கிறதே வாய்... "அப்ப லேடீஸ் சீட்டுல தூங்காம போயிருக்கணும்," என்று சொல்லிவிட்டது.

கரையான்சாவடியில் இறங்கினாள். அவனும் இறங்கினான். குடையை விரித்துக்கொண்டு விறுவிறுவென நடந்தாள். பின்னாலேயே செருப்புச் சத்தம் சளக் சளக் என்று வந்தது.

"எதுக்கு என் பின்னாலயே வர்றீங்க?"

"நான் என் வழியில வரேன். நீங்கதான் முன்னால போறீங்கோ."

பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைந்தாள். அவனும் நுழைந்தான். அப்போதுதான் செலினுக்கு, இன்டர்வியூ என்று அவன் சொன்னது உறைத்தது.

தலைமையாசிரியை வசந்தா டீச்சரின் அறையில் அவள் பயந்தது சரியாகப் போயிற்று. ஜூன் மாதத்திலிருந்து செலின் அந்தப் பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியை. பழைய டீச்சர் புருஷனோடு திருச்சிக்குப் போய்விட்டதால் இடம் இப்போது நிரந்தரமாகக் காலி. அந்த ஒரே இடத்துக்கு மனுப்போட்டவர்களில் இரண்டு பேரைத்தான் தாளாளர் பொறுக்கியிருக்கிறார். ஒருத்தி செலின். இன்னொருவர்...

"பேரு?" என்றார் வசந்தா டீச்சர், அந்த நீலச் சட்டையை விநோதமாகப் பார்த்து.

"எத்திராஜுங்க. குத்தம்பாக்கம். ஆவடியில ஒரு டுடோரியல்ல பாடம் எடுக்கறேன்."

"எத்திராஜா? அது பொம்பளைங்க காலேஜ் பேராச்சே..." செலின் வாய்க்குள் முணுமுணுத்தாள். பாழாய்ப்போன அறையில் அது எதிரொலித்தது.

அவன் திரும்பினான். "அதனாலதான் டீச்சர், லேடீஸ் சீட்டுல குந்தினேன்."

வசந்தா டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. செலினுக்குக் காது வரை சிவந்தது.

ஏற்பாடு இதுதான். பத்தாவது 'அ' பிரிவு செலினுக்கு. 'ஆ' பிரிவு எத்திராஜுக்கு. இரண்டு பேரும் ஒரே பாடம், இடப்பெயர்ச்சி வினைகள், ஒரு வாரம் நடத்த வேண்டும். எந்தத் தனிமம் எந்தச் சேர்மத்தோடு சேர்ந்தால் என்ன வரும் என்று பிள்ளைகள் தாங்களாகவே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை தாளாளர் கிறிஸ்துதாஸ் ஐயாவே வந்து கேள்வி கேட்பார். யாருடைய பிள்ளைகள் நன்றாகச் சொல்கிறார்களோ அவர்களுக்கு வேலை. மற்றவருக்கு... வணக்கம், போய்வாருங்கள்.

செலினுக்கு அந்த வேலை வேண்டும். எப்படி வேண்டும் தெரியுமா? கிடைக்காவிட்டால் ஏற்காடு. அங்கே கன்னியர் மடத்தில் இருக்கிற அவளுடைய அத்தை நடத்தும் ஹாஸ்டல் பள்ளியில் ஒரு வேலை காத்திருக்கிறது. "இங்க நிரந்தரம்னா இரு. இல்லேன்னா ஏற்காட்டுக்குக் கிளம்பு, அவ்வளவுதான்," என்று அப்பா டேவிட் தீர்த்துச் சொல்லிவிட்டார். ஏற்காடு அழகான ஊர்தான். ஆனால் அந்தக் குளிரில், அந்த மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் ஜெபம்... ஒரு நிமிஷம் சும்மா உட்கார முடியாத செலின் அங்கே போய் என்ன செய்வாள்?

ஆமாம், சொல்ல மறந்துவிட்டேன். அவளுக்குக் காலில் சக்கரம். பாடம் நடத்தும்போதும் நிற்க மாட்டாள். மேஜைக்கும் போர்டுக்குமாக ஓடுவாள். துத்தநாகத் துண்டைப் போடு, நீலம் வெளுக்குது பாரு, எழுது சமன்பாட்டை, அடுத்தது இரும்பாணி, உப்புத்தாள் போட்டுத் தேய், போடு உள்ளே, செம்பு படியுது பாரு, எழுது... பிள்ளைகள் மூச்சுவிடக்கூட நேரமிருக்காது. எல்லாம் நடக்க வேண்டும், உடனே நடக்க வேண்டும் அவளுக்கு.

மறுநாள் 'ஆ' பிரிவைத் தாண்டிப் போனபோது உள்ளே ஒரே கூச்சல். செலின் தூணோரமாக நின்றாள். ஒட்டுக்கேட்கவில்லை, சும்மா... காதில் விழுந்தது.

"காப்பர் சல்பேட்டுன்னா இன்னா? சல்பேட்டுன்னு ஒரு சீட்டு. அதுல காப்பர் குந்திகினு போவுது. நல்ல தூக்கம் வேற! பருத்திப்பட்டுல துத்தநாகம் ஏறுது. ஏறி இன்னா சொல்லுது?"

"எந்திரி!" என்றது வகுப்பு.

"காப்பர் எந்திரிக்குமா?"

"எந்திரிக்கும் சார்!"

"ஏன்?"

சாமுண்டீஸ்வரி என்கிற இரட்டைச் சடைக்காரி துள்ளி எழுந்தாள். "ஏன்னா... துத்தநாகம் லேடீஸ் சார்!"

சிரிப்பில் கூரை பறந்தது. எத்திராஜும் சிரித்துவிட்டான். "சரி, அப்டியே வச்சிக்க. ஆனா பரிட்சையில 'வினைத்திறன் அதிகம்'னு எழுதணும், இன்னா? இப்போ திருப்பிப் போடறேன். துத்தநாக சல்பேட்டு. சீட்டுல லேடீஸ் குந்திகினு கீறாங்கோ. காப்பர் ஏறி வந்து, 'எந்திரிம்மா'ன்னா?"

"செருப்படி விழும் சார்!"

"நடக்குமா?"

"நடக்காது!"

செலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மத்தியானம் லேபில் அவனைப் பிடித்தாள்.

"என்ன சார் இது? க்ளாஸ்ல என்னைக் கேலி பண்றீங்களா?"

"நான் துத்தநாகத்தைச் சொன்னேன் டீச்சர். உங்களுக்கு ஏன் கோவம் வருது?"

"எனக்குத் தெரியாதா, யாரு துத்தநாகம்னு?"

"அப்ப காப்பர் யாருன்னும் தெரிஞ்சிருக்குமே," என்றான் அவன் மெதுவாக. "காப்பருக்கு ஒண்ணும் வருத்தமில்ல டீச்சர். எந்திரிச்சதுல சந்தோஷம்தான்."

அந்தக் கண்கள்... சிரிக்கவில்லை இப்போது. செலின் எதற்கோ அலமாரியைத் திறந்தாள். எதற்குத் திறந்தோம் என்று மறந்துபோய் மூடினாள்.

புதன்கிழமை இன்னொரு கூத்து. அவனுடைய பிள்ளைகள் லேபில் வட்டமாக உட்கார்ந்து ஒரு சோதனைக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தண்ணீர் மாதிரி துத்தநாக சல்பேட், அதில் ஒரு செம்புக் கம்பி. கால் மணி போனது, அரை மணி போனது... கம்பியும் கம்பியாகவே இருந்தது, தண்ணீரும் தண்ணீராகவே இருந்தது.

"என்ன சார், ஒண்ணுமே நடக்கலையே?" என்றாள் செலின்.

"ஒண்ணும் நடக்காததுதான் டீச்சர் பாடம். எது நடக்காதுன்னு தெரியாதவனுக்கு எது நடக்கும்னு எப்டித் தெரியும்?"

"இதுக்கு ஒரு பீரியடா? என் பசங்க இந்நேரம் ஏழெட்டுச் சமன்பாடு எழுதியிருப்பாங்க."

"உங்களுக்கு ரொம்ப அவசரம் டீச்சர். எப்பவாவது சும்மா ஒரு எடத்துல நின்னு பார்த்துகீறீங்களா?"

அடுத்த வகுப்புக்கு ஓடிவிட்டாள். ஆனால் அன்று முழுதும் அது நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. நான் நிக்க மாட்டேனா? எதுக்கு நிக்கணும்? யாரைப் பார்க்க நிக்கணும்?

யாரை என்று மறுநாள் காலையே தெரிந்துபோனது. ஆவடி பஸ் ஸ்டாண்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. முதல் பஸ் காலியாக வந்தது. ஏறவில்லை. "கூட்டமா இருக்கு," என்று தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டாள். அடுத்த பஸ்ஸும் போனது. புடவைத் தலைப்பை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள். டுடோரியல் இருக்கிற சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்... கடைசியில் நனைந்துகொண்டே ஓடி வந்தான் அவன். அப்பாடா என்று மூச்சு விட்டவள், உடனே தன்மேலேயே கோபப்பட்டாள். ஏய் செலின்... இது நல்லதுக்கில்லடீ!

பஸ்ஸில் அவள் உட்கார்ந்தாள். வலப்பக்கம் இடமிருந்தும் அவன் அவள் சீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நின்றான்.

"இந்த வேல கெடைக்கலேன்னா இன்னா பண்ணுவீங்க டீச்சர்?"

"ஏற்காடு போயிடுவேன். அத்தை ஸ்கூல்." தயங்கினாள். "நீங்க?"

"டுடோரியல் பெஞ்சுதான். நாலு வருசமா அதுலதான் படுக்கை. எங்க ஊர்ல மொத பி.எட். நானு. நாத்து நடறவங்க எல்லாம், 'வாத்தியாரே, எப்போ வாத்தியார் ஆவப்போறே?'ன்னு கேக்குறாங்கோ." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏற்காடு... அவ்ளோ தூரமா?"

 கரையான்சாவடி வரை ஜன்னல் கம்பியில் வழிகிற மழையை விரலால் துடைத்துக்கொண்டே செலின் கணக்குப் போட்டாள். நான் ஜெயிச்சா இவர் போயிடுவாரு. இவர் ஜெயிச்சா நான் போயிடணும். ஒருத்தர் வந்தா ஒருத்தர் வெளியே... ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற மாதிரி இந்தப் பாடத்துல ஒரு சமன்பாடுகூட இல்லையே, மாதாவே!

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும். அன்று சாயங்காலம் அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் நாளைய பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "எனக்கு நம்பிக்கை இல்ல," என்றான் எத்திராஜ், டீயை ஆற்றிக்கொண்டே. "செலின் டீச்சருக்கு இன்னா... உங்க கோயில் ஆளுங்க ஸ்கூலு. தாளாளர் ஐயாவும் உங்க அப்பாவும் ஒரே பங்குக் கோயிலுக்குப் போறவங்கோ. வேல உங்களுக்குத்தான்னு எழுதியாச்சு."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் செலினின் முகம் சுண்டிப்போனது. இரவும் பகலுமாய்ப் படித்து, தொண்டை கட்டப் பாடம் நடத்தினது எல்லாம் என்ன? அப்பா பேரா? கோயில் பேரா?

"உங்க வாய்க்கு வந்ததைப் பேசுங்க சார். ஆனா என்கிட்ட இனிமே பேசாதீங்க."

"டீச்சர்... நான் சும்மா..."

பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள். மறுநாள் காலை அவன் வருவதற்கு முந்தின பஸ்ஸில் வந்தாள். அவன் வணக்கம் சொன்னபோது சுவரைப் பார்த்தாள். நெஞ்சு மட்டும் கிடந்து அடித்துக்கொண்டது. போடா... நீ யாரு எனக்கு?

வெள்ளிக்கிழமை. இரண்டு பிரிவுப் பிள்ளைகளையும் ஹாலில் ஒன்றாக உட்கார வைத்தார்கள். தாளாளர் கிறிஸ்துதாஸ் ஐயா முன்வரிசையில். ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். "நமக்கு சயின்ஸ் வராதும்மா. ஆனா பசங்க சொல்றதை வச்சுத் தெரிஞ்சுப்போம்," என்றார். வசந்தா டீச்சரோ தமிழ்ப் புலவர். கையில் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு முதல் கேள்வியை வாசித்தார். துத்தநாகமும் காப்பர் சல்பேட்டும் சேர்ந்தால் என்ன வரும்?

செலினின் வகுப்பிலிருந்து பால்ராஜ் வந்து முத்து முத்தாக எழுதினான். துத்தநாக சல்பேட், கூடவே காப்பர். எத்திராஜின் வகுப்பிலிருந்து வந்த சாமுண்டீஸ்வரியும் அதையே கோழிக் கிறுக்கலாக எழுதினாள். இரண்டும் சரி.

"காப்பர் ஏம்மா வெளியே வருது?" என்றார் தாளாளர்.

சாமுண்டீஸ்வரிக்குப் பதற்றம். ஐயா முகத்தைப் பார்த்ததும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. "ஏன்னா... துத்தநாகம் லேடீஸ் சார்! காப்பர் எந்திரிச்சுதான் ஆவணும்!"

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. கிறிஸ்துதாஸ் ஐயா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "இதென்ன பாடம்?" என்றார் எத்திராஜைப் பார்த்து. பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது. "சரி, அதையே திருப்பிப் போடுங்க. காப்பரும் துத்தநாக சல்பேட்டும். எழுதுங்க பார்க்கலாம்."

பால்ராஜ் யோசிக்கவே இல்லை. விறுவிறுவென எழுதினான். காப்பர் சல்பேட், கூடவே துத்தநாகம். அழகாக, முழுசாக, கீழே கோடு வேறு போட்டான்.

செலினுக்குத் தலை சுற்றியது. ஐயோ... பால்ராஜ்! அப்படியொரு வினையே கிடையாதேடா! ஆனால் பால்ராஜைச் சொல்லி என்ன? வாரம் முழுதும் அவள் நடப்பதையே காட்டினாள். நடக்காத ஒன்றைக் காட்ட அவளுக்குப் பொறுமை எங்கே இருந்தது? எதைக் கொடுத்தாலும் எழுது, எழுது என்று பழக்கிவிட்டாள். பிள்ளை எழுதிவிட்டான்.

சாமுண்டீஸ்வரி, "நடக்காது" என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள்.

கிறிஸ்துதாஸ் ஐயா இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல சந்தேகமே வேண்டாம். ஒரு பக்கம் முழுசா, ஒழுங்கா. இன்னொரு பக்கம் பதில் தெரியாம 'நடக்காது'ன்னு ஒத்தை வார்த்தை. அதுக்கு மேல லேடீஸ், ஜென்ட்ஸ் வேற! செலின், திங்கட்கிழமையில இருந்து நீ நிரந்தரம்மா. அப்பாகிட்ட சொல்லு."

வசந்தா டீச்சர் கைதட்டினார். 'அ' பிரிவு ஆரவாரித்தது. போர்டில் தப்பு இருக்கிறதென்று அந்த ஹாலில் இருந்த பெரியவர்களில் இரண்டு பேருக்குத்தான் நிச்சயமாய்த் தெரியும். செலின் எத்திராஜைப் பார்த்தாள். இப்பச் சொல்லுவான்... இதோ சொல்லப்போகிறான்... வாயைத் திறந்தால் மூடாத மனுஷன் ஆயிற்றே! அவன் போர்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சொல்லாதே என்பது போல் லேசாகத் தலையை அசைத்தான். அவ்வளவுதான்.

வேலை கையில். ஏற்காடு இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கோயில் ஆளுங்க ஸ்கூலு... வேல உங்களுக்குத்தான்னு எழுதியாச்சு...

"ஐயா."

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"பால்ராஜ் எழுதினது தப்பு ஐயா. காப்பருக்கு வினைத்திறன் கம்மி. அதால துத்தநாகத்தை வெளியேத்த முடியாது. அந்தப் பொண்ணு தெரியாம எழுதலை, தெரிஞ்சுதான் எழுதியிருக்கு. நடக்காதுங்கறதுதான் விடை."

தாளாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சுதான் பேசறியாம்மா? உனக்கு வேலை வேண்டாமா?"

"வேணும் ஐயா. ரொம்ப வேணும்." எத்திராஜைக் காட்டினாள். "ஆனா முன்கூட்டிச் சொல்லக் கத்துக்குடுத்தது அவர்தான். நான் எழுதத்தான் கத்துக்குடுத்திருக்கேன்."

கிறிஸ்துதாஸ் ஐயா இன்னொரு தடவை போர்டைப் பார்த்தார். பிறகு 'ஆ' பிரிவில் இன்னும் சில பேரை எழுப்பினார். தானே மாற்றி மாற்றிக் கேட்டார். வெள்ளியும் காப்பர் சல்பேட்டும்? நடக்காது. இரும்பும் காப்பர் சல்பேட்டும்? நடக்கும். ஒவ்வொன்றுக்கும் செலினைத் திரும்பிப் பார்த்தார். அவள் சரி சரி என்று தலையாட்டினாள். "எனக்கு சயின்ஸ் வராது. ஆனா நியாயம் வரும்," என்று எழுந்தார். "எத்திராஜ், திங்கட்கிழமை வந்து சேருங்க. பாடத்துல லேடீஸ், ஜென்ட்ஸைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க."

செலினின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அவள் அழக்கூடாது என்றுதான் இருந்தாள். பையை எடுத்தாள். லேப் சாவியை வசந்தா டீச்சர் மேஜையில் வைத்தாள். வெளியே மழை வலுத்திருந்தது. குடையை விரிக்கவும் மறந்து சைக்கிள் ஸ்டாண்டு வரை போய்விட்டாள்.

"டீச்சர்! நில்லுங்க!"

தகரக் கூரைக்குக் கீழே நின்றாள். மூச்சிரைக்க வந்தான் எத்திராஜ். முகமெல்லாம் கோபம்.

"யாரக் கேட்டுப் பேசுனீங்க? ஆங்? நீங்க விட்டுக்குடுத்த எடத்துல நான் போய்க் குந்தணுமா? எத்திராஜு அப்டி ஒண்ணும் கெட்டுப் பூடல!"

"நான் ஒண்ணும் விட்டுக்குடுக்கல! என் பசங்க தப்பா எழுதுனாங்க, உங்க பசங்க சரியா எழுதுனாங்க. அவ்ளோதான். கோயில் ஆளுங்க ஸ்கூல்ல கோயில் ஆளுங்களுக்குத்தான் வேலைன்னீங்களே... பார்த்துட்டீங்கல்ல?"

அவன் முகம் தொங்கிப்போனது. "அது... நாக்குல சனி டீச்சர். சொன்னதுலேருந்து நானே என்னைத் திட்டிக்கினு கீறேன்."

"சரி. நீங்க ஏன் பேசல? உங்க பொண்ணு எழுதினது சரின்னு தெரியும்ல? ஏன் மரம் மாதிரி நின்னீங்க?"

"பேசுனா?"

"வேலை கிடைச்சிருக்கும்!"

"எனக்குக் கெடைக்கும். நீங்க ஏற்காடு பூடுவீங்கோ."

மழை தகரத்தில் இரைந்தது. செலின் அவனையே பார்த்தாள். நாலு வருஷமாய்ப் பெஞ்சில் படுத்தவன்... ஊரே கேலி பண்ணுகிறவன்... அதற்காகவா வாயை மூடிக்கொண்டு நின்றான்?

"அழாதீங்க டீச்சர். வேல போனா போவுது. உங்களுக்கு இன்னா, வேற எடத்துல..."

"வேலை போனதுக்கா அழறேன்?" வெடித்துவிட்டாள் செலின். "அது போனா இன்னொண்ணு! திங்கட்கிழமை காலையில ஆவடி பஸ் ஸ்டாண்டுல நான் இருக்க மாட்டேன். நீங்க நனைஞ்சுகிட்டு ஓடி வர்றதைப் பார்க்க மாட்டேன். 'இன்னா டீச்சர்'னு கேக்க யாரும் இருக்க மாட்டாங்க. அதுக்கு அழறேன். போதுமா? கேட்டாச்சா? இப்ப சிரிங்க!"

அவன் சிரிக்கவில்லை. ஈரத் தலையோடு அவள் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். கேட்டான்:

"ஆவடியில உங்க ஊடு எங்க?"

"எதுக்கு?"

"உங்க அப்பாவைப் பார்க்கணும்."

"அவருக்கு உங்களைப் பிடிக்காது. கோயிலுக்கு வராத மாப்பிள்ளையை அவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாரு."

"எங்க அம்மாவுக்கும் உங்களைப் புடிக்காதுதான். ஒரு மாசம் அழும். அப்புறம் சோறு போடும்." துண்டால் முகத்தைத் துடைத்தான்.  "டேவிட் ஐயா இன்னா திட்டுனாலும் வாங்கிக்கறேன். வெரட்டுனா நாளைக்கும் வருவேன். நாளான்னைக்கும் வருவேன். ஆனா உங்களுக்கு ஏற்காட்டு பஸ்சு ஏத்திவிட என்னால முடியாது."

"மாப்பிள்ளைன்னு நானே சொல்லிட்டேன்ல..." செலின் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல."

எத்திராஜ் அவள் கண்களைப் பார்த்தான். மழையா, கண்ணீரா என்று தெரியாமல் நனைந்திருந்த கண்கள். 

"எனக்கு உன்னை ரொம்பப் புடிச்சிருக்கு, செலின்."

டீச்சர் இல்லை. நீங்க இல்லை. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓடவும் தோன்றவில்லை, நகரவும் தோன்றவில்லை. தகரக் கூரை ஒழுகி ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது. துடைக்காமல் அப்படியே நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"இன்னாது? பேரா?"

"ரெண்டும்தான்..."

சொன்னான்.